ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு வெள்ளம்

ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை 30.11.2024 சனிக்கிழமை ராத்திரி, காற்றும் மழையுமாக. இரண்டாவது தடவை சில நாள் கழித்து, பேங்க் அக்கவுண்டில் ஐயாயிரம் ரூபாயாக. இரண்டாவதாக வந்தது, முதலில் வந்ததை மறக்கடித்துவிட்டது. இந்தப் பதிவு அந்த மறதியைப் பற்றி.

டிஸ்கி: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ இல்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் மழைக்கு முன்னால் தூங்குவதும் மழைக்குப் பின்னால் பணம் கொடுப்பதும்தான் இந்த ஊர் வழக்கம். பின்னூட்டத்தில் சண்டை போட வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வரவும் :-)

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். கரையைக் கடந்த புயல் நகராமல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. டிசம்பர் 1 காலை வரை ஒரே நாளில் நகரில் கொட்டிய மழை சுமார் 48 செ.மீ. 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 செ.மீ. மழையைப் பெரிய மழை என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

லாஸ்பேட்டை மேட்டில் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரி கரண்ட் இல்லாத ராத்திரி, அவ்வளவுதான். கீழே கிருஷ்ணா நகரில் கதை வேறு. சில இடங்களில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து அடி. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடி வீட்டுக்காரரின் கதவைத் தட்டினார்கள். மாடி இல்லாதவர்கள் கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் பாட்டி என்று இருட்டில் காத்திருந்தார்கள். ராத்திரி ஒரு மணி வாக்கில் ராணுவத்துக்குத் தகவல் போனது. சென்னையிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பி, மழையில் 160 கிலோமீட்டர் வந்து, விடிந்த பிறகு சுமார் ஆறேகால் மணிக்கு மீட்பு வேலையை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மணி நேரத்திலேயே நூறு பேருக்கு மேல் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வீரர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தாயிற்று. பள்ளி, கல்லூரிக்கு லீவு விட்டாயிற்று. கிருஷ்ணா நகர் பள்ளம் என்பது ஆட்டோ டிரைவரிலிருந்து அமைச்சர் வரை எல்லாருக்கும் தெரியும். சாதாரண மழைக்கே அங்கே முட்டிக்கால் தண்ணீர் நிற்கும். அப்படியிருக்க, அந்த நூறு பேரும் வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமை மத்தியானமோ, வெளிச்சம் இருக்கும்போதே, தங்கள் காலால் நடந்து மேட்டுக்கு ஏன் வரவில்லை? வரச் சொல்ல ஏன் ஆள் இல்லை?

மேட்டில் இடமா இல்லை? கொக்கு பார்க் சிக்னலிலிருந்து மேலே ஏறினால் தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு பாலிடெக்னிக் என்று அரசுக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. லீவு விட்டதால் அத்தனையும் காலி. பள்ளத்தில் மனிதர்கள், ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மேட்டில் காலிக் கட்டடங்கள். இரண்டையும் சேர்த்து வைக்க வெளியூரிலிருந்து படகு வர வேண்டியிருக்கவில்லை. ஒரு மைக்செட் கட்டிய ஆட்டோ, நாலு மினி பஸ், வகுப்பறைச் சாவி. போதும்.

இப்போது அந்த ஐயாயிரத்துக்கு வருவோம்.

புயலுக்கு அப்புறம் எல்லா ரேஷன் கார்டுக்கும் தலா 5,000 ரூபாய் என்று முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்தார். சுமார் மூன்றரை லட்சம் கார்டு. கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும்: ஏறக்குறைய 175 கோடி ரூபாய்.

சட்டென்று கை நீட்டிக் கொடுத்த பணத்தைக் குறை சொல்வதா என்று சிலருக்குக் கோபம் வரும். நியாயம்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் வேலை இல்லையென்றால் அந்த ஐயாயிரம் அரிசி, மருந்து, வட்டி. அதை யாரும் மறுக்கவில்லை. பிரச்சினை "எல்லா கார்டுக்கும்" என்ற வார்த்தையில் இருக்கிறது.

லாஸ்பேட்டை மேட்டில் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, பஜ்ஜி போட்டு மழையை வீடியோ எடுத்த குடும்பத்துக்கும் ஐயாயிரம். கிருஷ்ணா நகரில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், மெத்தை, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போன குடும்பத்துக்கும் ஐயாயிரம். முதல் குடும்பத்துக்கு அது போனஸ். இரண்டாவது குடும்பத்துக்கு அதை வைத்து ஒரு புது இன்வெர்ட்டர் பேட்டரிகூட வாங்க முடியாது. விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ வந்து அதே தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கு? புதுச்சேரி கார்டு இல்லை, எனவே ஒன்றும் இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவருக்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் கார்டைப் பார்த்தா வீட்டுக்குள் வந்தது?

நஷ்டத்துக்கும் தொகைக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அதற்கு நஷ்டஈடு என்று பெயர் இல்லை. வாயை அடைக்கக் கொடுக்கும் காசு என்று பெயர். அது வேலையும் செய்தது. டிசம்பர் முதல் வாரம் வரை "வாய்க்கால் ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், அப்புறம் "உனக்குப் பணம் ஏறிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தது.

பி.காம். முதல் வருஷத்தில், ஜர்னல் என்ட்ரிக்கும் முன்னாலேயே, சொல்லித்தரும் ஒரு பாடம் உண்டு. வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு முதலிலேயே ஒதுக்கி வை. கன்சர்வேடிசம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். மளிகைக் கடை அண்ணாச்சிகூட வராக்கடனுக்கு ஒரு தொகையை மனதில் ஒதுக்கி வைத்துத்தான் கடன் கொடுக்கிறார்.

புதுச்சேரியில் புயல் என்பது என்ன, லாட்டரியா? எப்போதாவது யாருக்கோ விழ? தானே புயல் 30.12.2011. நிவர் 2020 நவம்பர் 25 ராத்திரி. ஃபெங்கல் 2024 நவம்பர் 30. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். மாதம் தெரியும், பள்ளம் எது என்று தெரியும், வாய்க்கால் எது என்று தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒரு நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்காமல், வந்த பிறகு செலவெழுதும் கம்பெனியை எந்த ஆடிட்டரும் சும்மா விடமாட்டார். அரசாங்கத்தை மட்டும் ஊர் சும்மா விடுகிறது. அதோடு நிற்காமல் நன்றி சொல்லி பேனர் வேறு வைக்கிறது.

இது புதுச்சேரி நோய் மட்டும் இல்லை. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர்ப் பணத்தைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். மொத்தம் 100 ரூபாய் என்றால், உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும் 40, மறுசீரமைப்புக்கு 30, தயார் நிலைக்கு 10, ஆபத்தையே குறைக்கும் வேலைக்கு 20. அதாவது வந்த பிறகு செலவு செய்ய 70, வருவதற்கு முன்னால் செலவு செய்ய 30. முன்னேற்றம்தான், தடுப்புக்கென்று தனிப் பங்கு ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் நிதிக் கமிஷன் அரசியல் சட்டத்தின் 280-ஆம் பிரிவுப்படி மாநிலங்களுக்குப் பங்கு பிரிப்பது. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அந்தப் பந்தியில் இலை போடப்படவில்லை. எனவே இங்கே ஒவ்வொரு ரூபாயும் இரண்டு மடங்கு யோசித்துச் செலவழிக்க வேண்டிய ரூபாய். அதைத்தான் கார்டுக்கு ஐயாயிரம் என்று பிரித்துக் கொடுத்தாயிற்று.

ஏன் இப்படி நடக்கிறது? முட்டாள்தனமா? இல்லவே இல்லை. கொடுப்பவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் அது நல்ல புத்திசாலித்தனம்.

தூர்வாரிய வாய்க்காலுக்கு யாரும் ரிப்பன் வெட்ட முடியாது. ஜூலையில் வாய்க்காலில் இறங்கி மண் அள்ளினால், நவம்பரில் நடப்பது என்ன? ஒன்றும் நடக்காது. வெள்ளம் வராது. வராத வெள்ளத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? வந்த வெள்ளத்துக்குக் கொடுத்த ஐயாயிரம் பாஸ்புக்கில் இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். லாஸ்பேட்டை உழவர்கரை நகராட்சிக்குள் வருகிறது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது, அதுவும் 1968-க்குப் பிறகு. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2024-ல் கிருஷ்ணா நகருக்குள் தண்ணீர் புகுந்த ராத்திரி, அந்த வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. பதின்மூன்று வருஷமாகவே கிடையாது. தெரு வாய்க்காலில் அடைப்பு என்றால் கேட்க வேண்டிய ஆள், அடுத்த தேர்தலில் அந்தத் தெருவிலேயே ஓட்டுக் கேட்டு வர வேண்டிய ஆள், இல்லை. வாய்க்கால் யார் பொறுப்பு என்று கேட்டால் நகராட்சி பொதுப்பணித் துறையைக் காட்டும், பொதுப்பணித் துறை நகராட்சியைக் காட்டும். தண்ணீருக்கு இந்த எல்லைத் தகராறு தெரியாது, அது பாட்டுக்கு இறங்கி வரும்.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: "48 செ.மீ. மழையை எந்த வாய்க்காலும் தாங்காது." உண்மை. உலகத்தில் எந்த ஊர் வாய்க்காலும் தாங்காது. ஆனால் கேள்வி தாங்குமா தாங்காதா என்பது இல்லை. தண்ணீர் இரண்டு அடி நிற்குமா ஐந்து அடி நிற்குமா, ஒரு நாளில் வடியுமா மூன்று நாள் ஆகுமா, அது நிற்கும்போது வீட்டுக்குள் எழுபது வயசுப் பாட்டி இருப்பாரா கல்லூரி வகுப்பறையில் இருப்பாரா என்பதுதான் கேள்வி. இந்த மூன்றும் மனிதன் கையில் இருக்கிறது. மழையளவைச் சொல்லித் தப்பிக்கிறவர்கள் 5 செ.மீ. மழைக்கும் அங்கே ஏன் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லட்டும்.

இரண்டு: "பள்ளத்தில் ஏன் வீடு கட்டினான்?" மேட்டில் இருப்பவர்களுக்குப் பிடித்த கேள்வி இது. மனையைப் பத்திரம் பதிந்தபோது அரசு முத்திரைத்தாள் காசு வாங்கியது. அப்புறம் வீட்டு வரி வாங்கியது. மின்துறை இணைப்பு கொடுத்து மாசாமாசம் பில் போட்டது. பணம் வாங்கும் ஒவ்வொரு கவுண்டரிலும் அந்த வீடு சட்டப்படியான வீடு. தண்ணீர் வந்த பிறகு மட்டும் அது பள்ளத்தில் கட்டிய வீடு ஆகிவிடுமா?

மேடு என்ற பேச்சு வந்ததால் மேட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிருஷ்ணா நகருக்குள் நிற்கும் தண்ணீர் எல்லாம் கிருஷ்ணா நகரில் பெய்தது இல்லை. பாதி மேலேயிருந்து இறங்கி வந்தது. லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கமெல்லாம் செம்மண். தண்ணீரை உறிஞ்சும் மண். அதன் மேல் வாசல் முழுக்க சிமெண்ட், சந்து முழுக்க பேவர் பிளாக், மொட்டை மாடித் தண்ணீரை நேரே தெருவில் விடும் பைப். 1,200 சதுர அடி மனையில் 5 செ.மீ. மழை பெய்தால் ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர். 48 செ.மீ. பெய்தால் ஐம்பதாயிரம் லிட்டரைத் தாண்டும், நாலு பெரிய டேங்கர் லாரி. ஒரு வீட்டுக்கு! பெருமழையில் உறிஞ்சுகுழி அத்தனையும் குடிக்காது, சரி. சாதாரண மழையிலாவது குடிக்கும். குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊர் இது, கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பயப்படும் ஊர் இது. அந்த ஊர் நல்ல தண்ணீரைப் பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, ஏப்ரலில் கேன் தண்ணீர் வாங்குகிறது.

மூன்று: "இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம், இங்கே நடக்காது." இங்கேயே நடந்திருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராமத் தகவல் மையம் வைத்து, அலை உயரத்தை தினமும் ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் இருந்தது. 26.12.2004 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்ப்பையன் ஒருவர் சுனாமிச் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். உடனே ஊர்க்காரர்கள் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊரே ஓடியது. படகுகள் போயின, வீடுகள் போயின. மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இருந்த ஊரில் மனிதர்கள் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தது என்ன? ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அதில் வரும் குரலை நம்பிக் கேட்கும் பழக்கம். அந்தப் பழக்கம் அன்று காலை உண்டானது இல்லை, அதற்கு முன்னால் தினம் தினம் உண்டாக்கியது.

ஒடிசாவையும் பாருங்கள். 1999 அக்டோபர் சூப்பர் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். அந்த வருஷமே பேரிடருக்கென்று தனி அமைப்பு வைத்து, புயல் காப்பகங்கள் கட்டி, ஊர் ஊராக ஒத்திகை நடத்தினார்கள். 2013 அக்டோபரில் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறப்பு ஐம்பதுக்கும் கீழே. ஒடிசா பணக்கார மாநிலமா?

ஆக, லாஸ்பேட்டை அடுத்த அக்டோபருக்கு முன்னால் கேட்க வேண்டியது பெரிய பட்டியல் இல்லை.

1. தூர்வாரும் கணக்கு. செப்டம்பர் முடிவதற்குள் எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர், எவ்வளவு பணம், எந்தக் கான்ட்ராக்டர் என்று தெருமுனையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வடபகுதி மழைநீரைக் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு வெள்ளவாரி என்று பெயர். வெள்ளம் ஓடுவதற்கு என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் தெர்மோகோலும் கட்டட இடிபாடும் ஓடக் கூடாது.

2. அளவுக்கோடு. 2024 டிசம்பர் 1 அன்று தண்ணீர் நின்ற உயரத்தை ஒவ்வொரு கம்பத்திலும் பெயிண்டில் கோடு போட வேண்டும். வீடு வாங்க வருகிறவர் பார்க்கட்டும், வாடகைக்கு வருகிறவர் பார்க்கட்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவரும் பார்க்கட்டும். மீட்டர் பெட்டியை அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்ற வேண்டும்.

3. தெருவுக்கு ஒரு பட்டியல். தரைத்தளத்தில் இருக்கும் முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர், நடக்க முடியாதவர். ரெட் அலர்ட் வந்த சாயங்காலமே இவர்கள் மேட்டுக்கு வர வேண்டும். கல்லூரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலை எடுக்க என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

4. நிவாரணம் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து வர வேண்டும். தண்ணீர் புகுந்த தெருவில் எல்லாருக்கும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாடகைக்காரராக இருந்தாலும், உடனே ஒரு சின்னத் தொகை. மீதி அளவுக்கோட்டைப் பார்த்து. கோடு கம்பத்தில் இருந்தால் யாரும் பொய் சொல்ல முடியாது, எந்த அதிகாரியும் கை நீட்ட முடியாது.

5. உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடக்க வேண்டும். வாய்க்காலைப் பற்றிப் பேசிவிட்டுக் கவுன்சிலரைப் பற்றிப் பேசாமல் விட்டால் அந்தப் பேச்சு அரைகுறை.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு 175 கோடியில் எவ்வளவு என்று வகுப்பில் யாராவது உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். நாலாவதைத் தவிர மற்ற எதற்கும் பெரிய பணமே தேவையில்லை. வாய்க்காலுக்குத் தேவைப்படும், அது எப்படியும் வருஷாவருஷம் டெண்டரில் போய்க்கொண்டிருக்கும் பணம்தான்.

அடுத்த புயலுக்கு இன்னும் பெயர் தெரியாது. மாதம் தெரியும். தெருவும் தெரியும். பணம் வந்துவிட்டதா என்று கேட்கும் வாய், ஜூலையிலேயே வாய்க்காலைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நவம்பரில் இன்னொரு ராத்திரி, இன்னொரு ஸ்டூல், அதே பாட்டி. விடிந்ததும் இன்னொரு ஐயாயிரம்.

பி.கு: அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு. வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது, காம்ப்ரிஹென்சிவ் வேண்டும். தண்ணீரில் நின்ற பைக்கையோ காரையோ ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கெட்டால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கிளெய்ம் கிடைக்காது. வீட்டுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரு பொதுவான பாலிசி எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விற்கப்பட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது, புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். சர்டிஃபிகேட்டுகளைப் பரணில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.